இரண்டிலும் நாலிலும் தட்ட வேணும்

நேப்பர்வில், இலினோய்
ஆடி மாதம்

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சினேன். பனங்கட்டி கிடைக்கவில்லை. மெக்சிக்கோக்காரரின் கடையில் கூம்பு கூம்பாக ஒரு கறுத்தச் சர்க்கரை விற்கிறார்கள், அதைப் போட்டேன். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது ஆடிக்கூழ் இல்லை, மெக்சிக்கோக் கூழ்" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு கோப்பையும் வாங்கிக் குடித்தார்.

இனி விசயத்துக்கு வருகிறேன். போன கிழமை போன் எடுத்து நுகேகொடையில் உங்கள் பின் ஒழுங்கைக் கிறிஸ்தவச் சபைக்காரரைப் பற்றிச் சொன்னீர்கள் அல்லவா. "ஞாயிற்றுக்கிழமை காலமை எட்டு மணிக்கே ட்ரம்ஸும் கைதட்டும் தொடங்கீட்டுது. மனிசர் ஒரு தேவாரம் படிக்க ஏலாமல் கிடக்கு. நீயே கேள்" என்று போனை யன்னலுக்கு வெளியே நீட்டினீர்கள். நானும் கேட்டேன். கேட்டுவிட்டு "ஓமக்கா, ஓமக்கா" என்று மட்டும் சொன்னேன். தங்கச்சிக்கு நித்திரை தூங்குது என்று நினைத்திருப்பீர்கள். உங்களுக்கு ஞாயிறு காலை எட்டு என்றால் எங்களுக்குச் சனி இரவு ஒன்பதரை. நாங்கள் சிக்காகோவிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் இருந்தோம். நீங்கள் யன்னலுக்கு வெளியே பிடித்துக் காட்டிய அதே சத்தத்தை, அதைவிடப் பல மடங்கு பெரிதாக, பின்னேரம் முழுக்கக் கேட்டு, உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டிவிட்டு வந்துகொண்டிருந்தோம்.

இதைப் போனில் சொன்னால் இடையில் மறிப்பீர்கள். கடிதத்தை மறிக்க முடியாது. ஆகவே எழுதுகிறேன்.

என்னோடு வேலை செய்கிற ஒரு அம்மா, கறுப்பினத்தவ, சிக்காகோவின் தென்பகுதிக்காரி, தங்கள் சபையின் பாடகர் குழுவில் பாடுகிறவ. "கொஸ்பல் இசைவிழா வருது, கட்டாயம் வாருங்கோ" என்று கூப்பிட்டா. எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து நகரசபை நடத்துகிற விழா. திறந்தவெளி. நுழைவு இலவசம். இலவசம் என்ற சொல்லைக் கேட்டதும் இவருடைய சமய வைராக்கியம் எங்கே போனதென்று தெரியவில்லை. "எல்லாம் ஒரே கடவுள்தானே" என்று சப்பாத்து மாட்டத் தொடங்கிவிட்டார்.

நீங்கள் இந்த இடத்தில் கேட்பது எனக்குக் கேட்கிறது. கொட்டாஞ்சேனை விவேகானந்த சபையின் சைவசமயப் பரீட்சைக்கு உங்களிடம் அடி வாங்கிப் படித்துச் சான்றிதழ் எடுத்தவள் போய்வருகிற இடமா இது? அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். விழா நடந்த மிலேனியம் பார்க்கிலிருந்து ஒரு வீதியைக் கடந்தால் ஆர்ட் இன்ஸ்ரிரியூட் கட்டடம். 1893 செப்டெம்பர் 11ஆம் திகதி சர்வமத மாநாட்டில் சுவாமி விவேகானந்தர் எழும்பிப் பேசியது அந்தக் கட்டடத்தில்தான். கொழும்பிலிருந்து போன அநகாரிக தர்மபாலவும் அந்த மாநாட்டில் பேசியிருக்கிறார். வாசலுக்கு முன்னால் போகும் மிச்சிகன் அவென்யூவின் ஒரு துண்டுக்குச் சுவாமியின் பெயரைக் கௌரவப் பெயராக வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போனோம். 1897 தையில் சுவாமி முதலில் வந்து இறங்கியது எங்கள் கொழும்பில் என்று மகளுக்குச் சொன்னேன். "அவர் வடையும் கொண்டு வந்தவரோ?" என்று கேட்டாள். என் தோளில் தொங்கிய பையைப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறாள்.

பையில் வடை இல்லை, ரோல்ஸும் பற்றிஸும். வாசலில் பை சோதனை. சீருடைக்காரரைக் கண்டவுடனே இவருடைய கை தானாகப் பொக்கெற்றுக்குப் போனது. போய், நுகேகொடைச் சந்திச் சோதனைச்சாவடியில் அந்த நாளில் நின்ற மாதிரி, அடையாள அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். எத்தனை வருசம் ஆகியும் அந்தக் கை மறக்கவில்லை. காவலாளி ஒரு இளம் பெடியன். "அது வேண்டாம் சேர். இந்தப் பெட்டிக்குள் என்ன?" என்றான். ரோல்ஸ் என்றேன். மூடியைத் திறந்து மணந்து பார்த்தான். பொலிஸ் பதிவு, வீட்டுக்காரர் கடிதம், எத்தனை நாள் தங்குவீர்கள் என்ற கேள்வி ஒன்றும் இல்லை. "நல்லாப் பாடுங்கோ" என்று சொல்லி உள்ளே விட்டான். பாடவா? கேட்கத்தானே வந்தோம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மேடையைப் பார்த்தால் அத்தானுக்குப் பிடிக்காது. பிராங்க் கெரி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 2004இல் திறந்தது. துருப்பிடிக்காத இரும்புத் தகடுகள் நாலாபக்கமும் சுருண்டு விரிந்து நிற்கும். அத்தான் பார்த்தால் "ஆரோ பிழையாப் பூட்டிப்போட்டாங்கள்" என்பார். முன்னால் நாலாயிரம் கதிரை. பின்னால் பெரிய புல்வெளி, அதன் மேலே குறுக்கும் நெடுக்குமாக வளைந்த குழாய்ப் பந்தல், அந்தக் குழாய்களில் ஒலிபெருக்கிகள். கடைசி வரிசையில் பாய் விரித்துப் படுத்திருப்பவருக்கும் முன்வரிசைச் சத்தம்தான். இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்துப் பின்வரிசையில் இருந்து விசர்க் கதை கதைக்கிற ஆட்களுக்கு இந்த இடம் சரிவராது.

வெயில் சரியான வெயில். எங்களுக்கு முன்னால் ஊதா நிறத் தொப்பி போட்ட ஒரு வயதான அம்மா, தேவாலயத்துக்கு உடுத்துகிற முழு உடுப்பில் வந்திருந்தா. நான் வேர்த்து வடிவதைக் கண்டு, கைப்பையிலிருந்து தடி வைத்த ஒரு மட்டை விசிறி எடுத்துத் தந்தா. ஒரு பக்கம் மார்ட்டின் லூதர் கிங்கின் படம். மறுபக்கத்தைத் திருப்பினால் ஒரு மலர்ச்சாலையின் விளம்பரம், தொலைபேசி இலக்கத்தோடு! இங்கே அது பழைய வழக்கமாம். கறுப்பினத்தவரின் தேவாலயங்களுக்கு விசிறி அடித்துக் கொடுப்பது மலர்ச்சாலைக்காரர்தான். பொரளைப் பக்கத்து மலர்ச்சாலைக்காரர் ஒருவர் மயூரபதி அம்மன் தேருக்கு வந்து "எங்களையும் நினைவில் வைத்திருங்கோ" என்று விசிறி கொடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இவர் அந்த விசிறியைத் தொடவே மாட்டேன் என்றார். கொஞ்ச நேரத்தில் வெயில் ஏறியதும் வாங்கி, கிங்கின் படம் தன் பக்கம் இருக்கும்படியாகப் பார்த்துப் பார்த்து விசிறிக்கொண்டார்.

பிறகு பாட்டு தொடங்கியது.

இவர் வெள்ளவத்தையில் மிருதங்கம் படித்த மனிதர் என்பது உங்களுக்குத் தெரியும். எந்தப் பாட்டைக் கேட்டாலும் முதலில் தாளம் என்னவென்று கண்டுபிடிக்காமல் விடமாட்டார். மடியில் கையை வைத்து, சுண்டுவிரல், மோதிரவிரல் என்று ஆதி தாளம் எண்ணத் தொடங்கினார். கண்ணும் மூடியாயிற்று. தொப்பி அம்மா திரும்பிப் பார்த்தா. ஒரு மனிதர் கண்ணை மூடி, உதடு அசைய, விரல்விட்டு எண்ணுகிறார். பெரிய பக்திமான், ஏதோ ஜெபம் செய்கிறார் என்று நினைத்து, அவருடைய தோளில் கையை வைத்துத் தானும் கண்ணை மூடிக்கொண்டா. இவருக்குக் கண்ணைத் திறக்கவும் வழியில்லை, எண்ணுவதை நிறுத்தவும் வழியில்லை. மகள் அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறாள். அனுப்பச் சொல்லுகிறேன்.

உண்மை தெரிந்த பிறகு அந்த அம்மா சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்றுவிட்டது. பிறகு இவருடைய இரண்டு கையையும் பிடித்து வகுப்பெடுத்தா. நாங்கள் ஒன்றில் தட்டுகிற சாதி. தட்டு விழுகிற இடம்தான் எங்களுக்குத் தாளத்தின் தலை. இவர்கள் ஒன்றை விட்டுவிட்டு இரண்டில் தட்டுகிறார்கள், மூன்றை விட்டுவிட்டு நாலில் தட்டுகிறார்கள். ஒன்றிலும் மூன்றிலும் காலும் உடம்பும் சாயும், கை பிறகுதான் வரும். "இரண்டு... நாலு... இரண்டு... நாலு..." என்று அவ சொல்லச் சொல்ல, இத்தனை வருசம் சமத்தில் தட்டிப் பழகிய இவர், சமம் வரும்போதெல்லாம் கையைக் காற்றில் மறித்துப் பிடித்த பாட்டைப் பார்க்க வேணும்.

அதைவிட அவருக்கு வந்த பெரிய ஆக்கினை சுருதி. பாட்டு உச்சத்துக்கு வர வர இவர்கள் சுருதியை அரைச்சுரம் அரைச்சுரமாக ஏற்றுகிறார்கள். பாடகர் குழு மூச்சு விடாமல் அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும், ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே. "சுருதி மாதா, லயம் பிதா என்று படிச்சனாங்கள். இவங்கள் அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா மாதாவை மாத்துறாங்களே" என்று என் காதுக்குள் புலம்பினார். ஆனால் கையை நிறுத்தவில்லை.

ஓர்கன் வாசித்த பெடியனை எனக்குக் கிட்ட நின்று பார்க்கக் கிடைத்தது, தண்ணிப் போத்தல் வாங்கப் போன வழியில். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெள்ளைக் காலுறையோடு கால்கட்டைகளில் வழுக்கி வழுக்கி நடந்தான். இருந்துகொண்டே நடந்தான் என்றுதான் சொல்ல வேணும். ஹமண்ட் ஓர்கன் என்று பெயர். இதே சிக்காகோவில், மணிக்கூடு செய்துகொண்டிருந்த லோரன்ஸ் ஹமண்ட் என்பவர் 1935இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. குழாய் ஓர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களுக்கு அது பெரிய உதவியாகிவிட்டது. பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. அதன் மேற்தட்டுக்குள்ளே ஊதுகுழல் வடிவில் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது மெதுவாகச் சுற்றினால் சத்தம் அலை அலையாக வரும், வேகமாகச் சுற்றினால் நடுங்கும். பிரசங்கியார் பேசும்போது அந்தப் பெடியன் சும்மா இருக்கவில்லை. அவர் ஒரு வசனம் சொல்லி மூச்சு வாங்குகிற இடைவெளியில் ஓர்கன் ஒரு பதில் சொல்லும். அவர் குரலை உயர்த்தினால் அதுவும் உயரும். கடைசியில் ஆர் பிரசங்கம் செய்கிறார் என்று சந்தேகம் வந்துவிட்டது.

இனி ஒரு கதை சொல்லுகிறேன். என் வேலைத்தலத்து அம்மா சொன்னது பாதி, பிறகு நூலகத்தில் எடுத்துப் படித்தது பாதி. இந்தப் பாட்டுமுறைக்குத் தந்தை என்று கொண்டாடப்படுகிறவர் தோமஸ் டோர்சி. 1899இல் தெற்கே ஜோர்ஜியாவில் ஒரு போதகருக்கு மகனாகப் பிறந்தவர். இளம் வயதில் சிக்காகோவுக்கு வந்து, 'ஜோர்ஜியா டொம்' என்ற பெயரில் சாராயக்கடைப் பாட்டுக்குப் பியானோ வாசித்தவர். 1928இல் டாம்பா ரெட் என்பவரோடு சேர்ந்து ஒரு இசைத்தட்டுப் போட்டார், அமோக விற்பனை. அந்தப் பாட்டின் பொருளைக் கடிதத்தில் எழுத முடியாது. அத்தானுக்குத் தெரிய வேணுமென்றால் இவரிடம் போனில் கேட்கட்டும்.

1932இல் அவர் வெளியூர் போயிருந்தபோது மனைவி பிள்ளைப்பேற்றில் இறந்துவிட்டா. அடுத்த நாள் குழந்தையும் போய்விட்டது. அந்தத் துக்கத்தில் இருந்து எழுதியதுதான் 'டேக் மை ஹேண்ட், பிரெஷஸ் லோர்ட்'. அந்தப் பாட்டை விழாவில் ஒரு குழு பாடியது. அதுவரை ஆடிக்கொண்டிருந்த தொப்பி அம்மா கதிரையில் இருந்துவிட்டா. அதற்கு நானும் கைதட்டவில்லை, ஒருவரும் தட்டவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின சண்டையை. டோர்சி தன் பாட்டுகளைத் தூக்கிக்கொண்டு சிக்காகோவின் பழைய, பெரிய கறுப்பினச் சபைகளுக்குப் போனபோது பலர் கதவைத் திறக்கவில்லை. சாராயக்கடைத் தாளத்தை ஆண்டவர் சந்நிதிக்குக் கொண்டுவருகிறானே என்று கோபம். அந்தச் சபைகளில் ஐரோப்பியக் கீர்த்தனைகளைத் தாளைப் பார்த்து, அசையாமல் நின்று பாடுவதுதான் நாகரிகம். கைதட்டுவது, உடம்பை ஆட்டுவது, கூவுவது எல்லாம் தெற்கிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய புதுச்சனத்தின் பட்டிக்காட்டுப் பழக்கம். 1910களிலிருந்து 1970 வரை தென் மாநிலங்களை விட்டு இப்படி வெளிக்கிட்டவர்கள் அறுபது லட்சம் பேர் அளவில் என்கிறார்கள். பாடகி மஹாலியா ஜக்சனும் அப்படி நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்தவதான். அவவுடைய பாட்டையும் ஆட்டத்தையும் கண்டு முகம் சுளித்த போதகர்கள் உண்டு. கழுவல் வேலையும் வீட்டுவேலையும் செய்து வாழ்ந்த அந்தப் பிள்ளைதான், 1963இல் வொஷிங்டன் பேரணியில், கிங் பேசுவதற்கு முன்னால் பாடியது. 1968இல் அவருடைய மரணச்சடங்கில் டோர்சியின் அதே பாட்டைப் பாடியதும் அவதான்.

இதை வாசிக்க எனக்கு எங்கள் ஆட்கள் நினைவுக்கு வராமல் இருக்குமா? யாழ்தேவியில் ஒடியல் மாவும் மோர்மிளகாயும் கட்டிக்கொண்டு கோட்டை ஸ்டேசனில் இறங்கியவர்களைக் கறுவாத்தோட்டத்துப் பழைய தமிழ்க் குடும்பங்கள் எந்தக் கண்ணால் பார்த்தன என்று அம்மா கதை கதையாகச் சொல்லுவா. பிறகு நாங்கள் வெள்ளவத்தையில் கால் ஊன்றி, பிளாட் வாங்கி, பிள்ளைகளுக்குச் சரஸ்வதி மண்டபத்தில் அரங்கேற்றம் வைத்து, அசையாமல் இருந்து கேட்கப் பழகி, எங்களுக்குப் பின் வந்தவர்களை அதே கண்ணால் பார்த்தோம். அக்கா, கோபிக்க வேண்டாம். உங்கள் பின் ஒழுங்கைச் சபைக்கு வருகிற சனமும் பெரும்பாலும் வாடகை அறையில் இருந்து வேலைக்குப் போகிறவர்கள் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். எட்டு மணிக்கு ட்ரம்ஸ் அடிப்பது நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஒன்பது மணிக்கு அடிக்கலாம்.

பொழுது சாயப் பெரிய குழு ஒன்று ஏறியது. குழுத்தலைவர் ஒரு தடித்த மனிதர். வாயால் அல்ல, முழங்கையால் நடத்துகிறார். ஒரு விரலைச் சுழற்றினால் நூறு குரல் திரும்பிப் பாடும், முஷ்டியை மூடினால் அத்தனையும் ஒரே வெட்டில் நிற்கும். திடீரென்று சனத்தின் பக்கம் திரும்பி மைக்கை நீட்டி, "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை!" என்றார். எல்லாரும் ஏதோ கூவினார்கள். "இன்னும் கேக்கேல்லை!"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. 83 கலவரத்துக்குப் பிறகு 138 பஸ்ஸில் நாங்கள் வாயைத் திறந்தால் அம்மா தொடையில் கிள்ளுவாவே, நினைவிருக்கிறதா? "மெதுவாக் கதை." அந்தக் கிள்ளு எனக்கு இன்னும் போகவில்லை. இங்கேயும் ரயிலில் தமிழில் கதைக்கத் தொடங்கினால் குரல் தானாக இறங்கிவிடும். "ஏனம்மா எப்பவும் ரகசியம் பேசுறீங்கள்?" என்று மகள் கேட்பாள். இங்கே என்னவென்றால் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சத்தம் போதாது, சத்தம் போதாது என்று நிற்கிறார். பொலிஸும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. தொப்பி அம்மா என்னை முழங்கையால் இடித்தா. நான் வாயைத் திறந்தேன்.

வந்தது "அரோகரா!"

வேறு என்ன வரும்? ஆடிவேல் இரதத்துக்குப் பின்னால் போன தொண்டைக்குத் தெரிந்தது அதுதானே. நல்ல உரத்து, செட்டியார் தெருவுக்குக் கேட்கும்படி வந்தது. இவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். மகள் வேறு குடும்பத்துப் பிள்ளை மாதிரி இரண்டு கதிரை தள்ளிப் போனாள். தொப்பி அம்மா ஒரு நொடி யோசித்தா. பிறகு கையை உயர்த்தி, "ஆமென்!" என்றா. எங்களுக்குப் பின்வரிசையில் இருந்த பெடியன்கள் அதைப் பிடித்துக்கொண்டு, சொல் விளங்காமலே, "ஹரோஹரா" என்று இரண்டிலும் நாலிலும் வைத்துத் தட்டினாங்கள். நன்றாகப் பொருந்தியது என்பதையும் எழுதத்தான் வேணும்.

ரோல்ஸ் எல்லாம் தொப்பி அம்மாவும் அவவுடைய பேரப்பிள்ளைகளும் முடித்துவிட்டார்கள். உறைப்புக் காணாது என்று சொன்ன முதல் அமெரிக்கர் அவதான்.

நேற்றுப் பின்னேரம் லெமொன்ட் கோவிலுக்குப் போனோம். மண்டபத்தில் ஒரு பக்கமாக நாலைந்து பேர் இருந்து பஜனை பாடினார்கள். நான் எவ்வளவோ சாடை காட்டியும் இவர் கேட்கவில்லை. இரண்டிலும் நாலிலும் தட்டத் தொடங்கிவிட்டார். முதலில் மிருதங்கக்காரர் முறைத்தார். அடுத்த பாட்டில் சின்னப் பிள்ளைகள் இவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். அதற்கடுத்ததில் ஒரு வரிசை ஒன்றில் தட்ட, மற்ற வரிசை இரண்டில் தட்ட, பாடிய அம்மா ஆர் பக்கம் போவது என்று தெரியாமல் கற்பூரம் காட்டச் சொல்லி முடித்துவைத்தா. இப்போது இவர், கோவிலுக்கு ஒரு பழைய ஹமண்ட் ஓர்கன் வாங்கினால் என்ன என்று நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்தில் இருந்து அழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆரும் இந்தப் பக்கம் வந்தால் ஒடியல் மாவும் நல்ல மாசியும் கொடுத்துவிடுங்கள். பனங்கட்டியை மறக்க வேண்டாம்.

உங்கள் அன்புத் தங்கை

பி.கு: அத்தான், அந்த 1928ஆம் ஆண்டுப் பாட்டைப் பற்றிக் கேட்கிறதென்றால் இங்கத்தைய இரவு பத்து மணிக்குப் பிறகு எடுங்கள். அதற்கு முன்னம் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்போம், பிள்ளை பக்கத்தில் இருப்பாள். அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டாம்.